தெளியவிட்ட தண்ணீர்

இருபத்து நான்கு முருகைக்கல் துண்டுகளை ஒரே இரவில் கொன்றவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை. நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன். முருகைக்கல் என்பது எங்கள் பாடப்புத்தகத்துப் பெயர். பவளப்பாறை என்றால் எல்லோருக்கும் புரியும், ஆனால் பவளம் என்றதும் மாலையும் மோதிரமும் நினைவுக்கு வந்துவிடும். நான் சொல்வது கடலுக்கடியில் தானே கல்லைக் கட்டி அதற்குள் குடியிருக்கிற பொடிப்பொடி விலங்குகளை. விரல் நீளத் துண்டு ஒன்றிலேயே ஏராளமாக இருக்கும். அப்படிப் பார்த்தால் என் பாவக்கணக்கு இன்னும் பெரியது.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தேன், கடைசி வருடம். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. இலங்கை மலைநாட்டில், பதுளையிலிருந்து பஸ் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து மேட்டில் ஏறி நடந்தால் வருகிற தேயிலைத் தோட்டத்து வரிசைவீட்டு லயம் ஒன்றில் வளர்ந்தவள் நான். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்கவைத்தாள். கடலை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு இருபது வயது. இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் இருந்தார்கள். சிரிக்கட்டுமே. கடற்கரையில் பிறந்தவர்கள் எத்தனை பேர் தேயிலை பூத்துப் பார்த்திருக்கிறார்கள்?

கடைசி வருடத்தில் ஆளுக்கொரு ஆய்வு செய்ய வேண்டும். அதில் தேறினால்தான் சிறப்புப் பட்டம். நான் முருகைக்கல் என்று எழுதிக் கொடுத்தேன். மலையிலிருந்து வந்தவளுக்கு எதற்குக் கடல் என்று கூடப் படித்தவர்கள் கேட்டார்கள். வீம்புக்கு எழுதினாள் என்று ஒரு பேச்சும் இருந்தது. வீம்பு இல்லாமல் இல்லை. ஆனால் உண்மைக் காரணம் வேறு. பதுளையில் உயர்தரம் படிக்கும்போதே அந்த விலங்கைப் பற்றி வாசித்திருந்தேன். குஞ்சாக இருக்கையில் கொஞ்சம் நீந்தும், பிறகு ஒரு பாறையில் ஒட்டிக்கொண்டால் சாகும் வரைக்கும் அங்கேயேதான். சோறு தேடிப் போக முடியாது, ஆபத்து வந்தால் ஓட முடியாது. வேண்டியதெல்லாம் அது இருக்கும் இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். அப்படி வாழ்கிற ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆய்வுக்காகத் தென்கரையில் எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. உள்ளே வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். ஒரு பம்ப் கடல் தண்ணீரை இழுத்து ஒவ்வொரு தொட்டியிலும் விடும், வழிகிற தண்ணீர் திரும்பவும் கடலுக்கே போய்விடும். அலை உடைத்துப் போட்ட கிளைகளை அனுமதியோடு பொறுக்கிவந்து தொட்டிக்கு ஒன்றாக வைத்திருந்தேன். எவ்வளவு வெளிச்சத்தில் எவ்வளவு வளர்கின்றன என்று பார்ப்பதுதான் அப்போது என் தலைப்பு. தண்ணீர் ஓடுவதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

ஒருநாள் பின்னேரம் மழை கொட்டியது. பக்கத்தில் ஓர் ஆறு கடலில் விழுகிறது. அது கொண்டுவந்த மண்ணில் கரையோரம் முழுக்கச் செம்பழுப்பாகிவிட்டது. பம்ப் அதைத்தான் இழுத்து ஊற்றியது. என் தொட்டிகள் இருபத்து நான்கும் சாயம் கரைத்துவிட்டது போல ஆகின. கொட்டகையில் என்னைத் தவிர யாரும் இல்லை. எனக்குப் பதற்றமே வரவில்லை. கலங்கல் தண்ணீர் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் லயத்தில் நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

எங்களுக்குத் தண்ணீர் பீலியில் வரும். மலை ஊற்றைத் தடுத்துக் குழாய் வைத்து லயத்துக்குப் பக்கத்தில் விழவைத்த தாரைதான் பீலி. மழைக்காலத்தில் அது மண்ணும் சருகுமாகக் கொட்டும். அதை அப்படியே பிடித்துத் தகரப் பீப்பாயில் ஊற்றி மூடி வைப்போம். அதற்குப் பிறகு யாரும் கிட்டே போகக் கூடாது, ஆட்டக் கூடாது, தட்டக் கூடாது. காலையில் மண் முழுவதும் அடியில் தங்கியிருக்கும். மேலே இருப்பதை டம்ளரால் நோகாமல் மொண்டு எடுக்க வேண்டும். ஏழு வயதில் பீப்பாய்க்குள் கையை விட்டுக் கலக்கியதற்காக அகப்பைக் காம்பால் வாங்கியிருக்கிறேன். "தெளியட்டும், தொடாத" என்பதுதான் மழை மாதங்களில் அம்மாவிடமிருந்து நான் அதிகம் கேட்ட பேச்சு.

ஆகவே தொட்டிகளைத் தெளியவிட்டேன். பம்பை நிறுத்தினேன். காற்றுக் குமிழி விடுகிற சின்ன மோட்டார் தண்ணீரைக் கிளறுகிறதே என்று அதையும் நிறுத்தினேன். பக்கத்து அறையில் போய்ப் படுத்து நிம்மதியாகத் தூங்கினேன். என் சாமர்த்தியத்தை நாளைக்கு எல்லோரும் மெச்சுவார்கள் என்று நினைத்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காலையில் தண்ணீர் பளிங்காகத் தெளிந்திருந்தது. ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் குனிந்து பார்த்தேன். இறங்கிய மண் எல்லாம் என் முருகைக்கற்களின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே கோழையாகப் பிசுபிசுவென்று ஏதோ. கிளையைத் தூக்கி அலசினால் சதை வழன்று கையோடு வந்தது, உள்ளே வெள்ளை எலும்பு. கொட்டகை முழுக்க ஊசிப்போன மீன் வாடை. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

என்ன நடந்தது என்று இப்போது இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். முருகைக்கல் தன்மேல் விழும் மண்ணைச் சும்மா விடாது. உடம்பிலிருந்து கோழையைச் சுரந்து, மண்ணை அதில் ஒட்டவைத்துத் தள்ளிவிடும். ஆனால் தள்ளியதை வாரிக்கொண்டு போக ஓடுகிற தண்ணீர் வேண்டும். தண்ணீர் நின்றுவிட்டால் தள்ளிய அழுக்கே போர்வையாக மூடிக்கொள்ளும். அதோடு இரவில் அதற்கு மூச்சுக்குக் காற்று வேண்டும். பகலில் அதன் உடம்புக்குள் இருக்கிற பாசி வெளிச்சத்தில் காற்றைச் செய்து கொடுக்கும், இருட்டில் கொடுக்காது. அப்போது அசைகிற தண்ணீர்தான் காற்றைக் கொண்டுவர வேண்டும், தீனியையும் அதுவேதான் கொண்டுவர வேண்டும். நான் ஒரு சுவிட்சைத் தட்டி எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தியிருந்தேன்.

எனக்குப் பொறுப்பாக இருந்த விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர். அன்று மத்தியானமே வந்துவிட்டார். ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனார். கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை.

"பம்பை ஏன் பிள்ளை நிப்பாட்டினீர்?"

"தண்ணி கலங்கியிருந்துச்சுங்க சேர். தெளியட்டும்னு..."

"கடல் என்ன கிணறே, தெளியவிடுறதுக்கு?"

அவர் கைக்குட்டையை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"உம்மட பிழை எண்டு நான் சொல்லேல்லை. கடல் உமக்குப் பழக்கமில்லாத விஷயம். நேரமும் இனி இல்லை. தேயிலைத் தோட்டத்து மண்ணைப் பற்றி ஏதாவது செய்யும். உமக்கு அது தண்ணிபட்ட பாடு. தலைப்பை மாத்தித் தாரும், நான் கையெழுத்து வைக்கிறன்."

இரக்கத்தோடுதான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். தேயிலைக்குள்ளிருந்து வெளியே வர எனக்கு இருபத்து மூன்று வருடம் பிடித்தது, இவர் ஒரு கையெழுத்தில் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்.

அந்த வாரமே ஏதோ வேலைநிறுத்தத்தில் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். திறக்கும்போது புதுத் தலைப்போடு வரச் சொல்லியிருந்தார். வெல்லவாய போய், அங்கிருந்து எல்ல என்ற ஊர் வழியாக மேலேறுகிற பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். வழி முழுக்க மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். பஸ்ஸுக்குள் எல்லாச் சண்டையிலும் நான்தான் ஜெயித்தேன்.

அம்மாவிடம் மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் வேலை முடிந்து வந்து காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"கல்லு எப்புடிடி சாகும்?" என்றாள் முதலில்.

அது கல் இல்லை, உயிர் என்று விளக்கினேன். பீப்பாயில் தெளியவிடுவது போல விட்டேன் என்றேன். அம்மா அட்டையை உப்பில் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குடிக்கிற தண்ணியத்தான்டி தெளியவிடணும். அதுக்குள்ளயே குடியிருக்கறதுக்குத் தெளிஞ்ச தண்ணி என்னாத்துக்கு? மண்ணு அது தலையிலதான உக்காரும்!"

விரிவுரையாளரும் புத்தகங்களும் சொன்னதையே இவளும் சொன்னாள், இரண்டு வரியில். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. பிறகு தேயிலை மண் பற்றிச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"தேயிலையப் பத்திப் படிக்கவா ஒன்னய அங்க அனுப்புனேன்? அத இங்கயே நான் சொல்லிக் குடுத்திருப்பேனே. எடுத்தத முடிச்சுட்டு வா. இல்லாட்டி நாளைக்கே கூடையக் கட்டிக்கிட்டு என்கூட மலைக்கு வா."

சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

மறுநாள் பீலிக்குக் கீழே துணி அலசிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். பீலியில் விழுந்த தண்ணீர் கல்லும் பாறையுமாகக் கீழே ஓடி, ஓரிடத்தில் குட்டையாகத் தேங்கி, திரும்ப ஓடும். ஓடுகிற இடத்தில் கற்கள் கழுவிவைத்த சட்டி மாதிரி இருந்தன. குட்டையில் கிடந்த கற்களின் மேல் பழுப்பு மண்ணும் வழவழப்பும் ஏறியிருந்தன. இரண்டும் ஒரே தண்ணீர், ஒரே மண். வருடக்கணக்கில் அந்தக் கற்களில்தான் துணி துவைத்திருக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை. என் தலைப்பு அங்கேயே எனக்குக் கிடைத்துவிட்டது. மண் வருவது மட்டும் முருகைக்கல்லைக் கொல்வதில்லை, அந்த மண்ணை எடுத்துப்போகிற ஓட்டம் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அதன் ஆயுள். அதைச் சோதித்துக் காட்டினால் செத்த இருபத்து நான்குக்கும் ஓர் அர்த்தம் வரும்.

ஆனால் ஓட்டத்தை அளக்க வேண்டுமே. அதற்கான கருவியை எனக்கு யார் தருவார்கள்? நூலகத்தில் ஒரு வழி படித்திருந்தேன். கை ஒடிந்தால் ஆஸ்பத்திரியில் கட்டுப்போடுகிற வெள்ளை மாவு இருக்கிறதே, அதைக் குழைத்துக் கட்டியாக்கித் தண்ணீரில் வைத்தால் மெல்லக் கரையும். தண்ணீர் வேகமாக ஓடினால் வேகமாகக் கரையும். முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால், எங்கே எவ்வளவு ஓட்டம் என்று கட்டியே சொல்லிவிடும். பதுளைக்குப் போய் மாவு வாங்கிவந்தேன். லயத்தில் வீடு வீடாகப் போய்க் காலித் தீப்பெட்டி கேட்டேன். பெட்டிக்குள் பொலித்தீன் தாள் விரித்து மாவை ஊற்றினால் ஒரே அளவுக் கட்டிகள் கிடைத்தன. தேங்காய் பர்பி என்று நினைத்து ஒன்றைக் கடித்துப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நிறுப்பதற்கு எங்கே போவது? தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசில் என் கட்டி இருப்பதே தெரியாது. யோசித்து யோசித்துக் கடைசியில் பதுளைக் கடைவீதியில் ஒரு நகைக்கடைக்குள் நுழைந்தேன். பையைத் திறந்து கட்டிகளைக் காட்டியதும் முதலாளி இரண்டு கையாலும் தராசை மறைத்துக்கொண்டார்.

"இதுல தாலிய நிறுத்துருக்கேன், குண்டுமணித் தங்கத்த நிறுத்துருக்கேன். சுண்ணாம்பு நிறுக்கிற தராசா இது?"

"சுண்ணாம்பு இல்லீங்க. முருகைக்கல்லு ஆராய்ச்சிக்கு."

"பவளமா? அப்ப விக்கவா வந்த?"

விற்க இல்லை, அது செத்த கதை வேறு என்று முழுவதையும் சொன்னேன். கடையில் கூட்டமில்லாததால் கேட்டார். பவளம் தண்ணீரில் மூச்சு விடும் என்றதும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மோதிரத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். போணியாகும் முன் நான் கடைப்படியில் கால் வைக்கக் கூடாது. அன்றைய முதல் வியாபாரமாக வெள்ளைக் கட்டியை நிறுத்தால் நாள் முழுக்க வேறு ஒன்றும் நிறுக்க வராதாம். ஆகவே பல நாள் எதிர்ச் சாரியில் நின்று, யாராவது ஒருவர் தோடோ மூக்குத்தியோ வாங்கிவிட்டு வெளியே வரும்வரை காத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் வரை போணியாகவில்லை. அந்தக் கடைக்காக நான் அன்று வேண்டியது போல வேறு யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள்.

நிறுத்த கட்டிகளைக் கற்களில் கட்டி, பீலிக்குக் கீழே ஓடும் இடத்தில் சில, தேங்கும் இடத்தில் சில என்று வைத்தேன். காய்ந்த தேயிலைக் கொட்டையை மிதக்கவிட்டு, தையல்கார அக்காவின் நாடாவால் தூரத்தையும் கைக்கடிகாரத்தால் நேரத்தையும் அளந்து ஓட்டத்தின் வேகத்தைக் கொப்பியில் எழுதினேன். நான்காம் நாள் பார்த்தால் கட்டிகள் கரையில் பிடுங்கிப் போடப்பட்டிருந்தன. கணக்கப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் பெயர் எழுதி ஆட்களை மேய்க்கிற அந்த மனிதருக்குத் தோட்டத்தில் எல்லாவற்றிலும் அதிகாரம் உண்டு என்று ஓர் எண்ணம். பெண்கள் குடத்தோடு கூடிவிட்டார்கள்.

"தண்ணியில மருந்து போடுறியாமே?"

"மருந்து இல்லீங்க. கை ஒடைஞ்சா பதுளை ஆஸ்பத்திரில வச்சுக் கட்டுற மாவு. அதுவும் பீலிக்குக் கீழதான் வச்சிருக்கேன். குடிக்கிற தண்ணி மேல இருந்து வருது."

"யார்கிட்ட கேட்டு வச்ச? படிச்சுட்டா எதையும் செய்யலாமோ?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இதே தண்ணியில புல்லுக்கு அடிக்கிற மருந்து டாங்கியக் கழுவுறாங்களே, அத யார்கிட்ட கேட்டுச் செய்யுறாங்க?" என்றேன்.

கணக்கப்பிள்ளை அம்மாவைத் தேடினார், மகளை அடக்கச் சொல்வதற்கு. அம்மா கூட்டத்துக்குப் பின்னால்தான் இருந்தாள். கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்னுக்கு வந்தாள். குனிந்து கட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். நான் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவள் தண்ணீருக்குள் இறங்கி, "எந்தக் கல்லுல எதக் கட்டுனே, சொல்லு" என்றாள் என்னிடம்.

கணக்கப்பிள்ளை தோட்டத்தை நடத்தும் துரைக்குச் சொல்லப்போவதாகச் சொல்லிக்கொண்டே மேலே போனார். துரை வரவில்லை. பிடுங்கியதால் அன்றைய அளவுகள் கெட்டுவிட்டன, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கற்களுக்குப் பக்கத்தில் யாராவது குடத்தை அலசினால்கூட மற்றப் பெண்கள் அதட்டினார்கள்.

பல்கலைக்கழகம் திறந்ததும் சேரின் அறைக்குப் போனேன். தலைப்பு மாற்றும் படிவத்தை மேசைமேல் தயாராக வைத்திருந்தார். நான் அதற்கு மேல் என் கொப்பியை வைத்தேன். கட்டி எவ்வளவு கரைந்தது, தண்ணீர் எவ்வளவு வேகம் என்று வரைந்த கோடு முதல் பக்கத்திலேயே இருந்தது.

"இது எங்க செய்தனீர்?"

"எங்க தோட்டத்துப் பீலியிலங்க சேர்."

பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இது நல்ல தண்ணி. கடல் தண்ணியில கரையிற கணக்கு வேற."

"தெரியுங்க சேர். அதனாலதான் தொட்டி கேக்க வந்தேன். திரும்பவும் அதே மாதிரி மண்ணக் கரைக்கப் போறேன். கொஞ்சத்துல தண்ணிய நிப்பாட்டுவேன், கொஞ்சத்துல மெதுவா விடுவேன், கொஞ்சத்துல வேகமா விடுவேன். என் தப்பையே ஆராய்ச்சியாக்கப் போறேன். தேயிலைக்கு என்னால போக முடியாதுங்க."

அவர் கொப்பியின் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனார். பிறகு படிவத்தை எடுத்து இரண்டாக மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார். "நான் கடல் தண்ணியில வளந்தவன். தண்ணி ஏன் ஓட வேணும் எண்டு நான் ஒருநாளும் யோசிச்சதில்லை" என்றார். தொட்டிகளைத் திரும்ப எழுதிக் கொடுத்தார்.

இந்த முறை நான் கொட்டகையிலேயே கிடந்தேன். கலக்கிய மண் எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு. ஓட்டமில்லாத தொட்டிகளில் முன்பு நடந்ததுதான் நடந்தது, பார்த்துக்கொண்டு நிற்பது முன்பைவிடக் கடினமாக இருந்தது. மெதுவாக ஓடியவற்றில் பாதி உடம்பு மூடிப் பாதி பிழைத்தன. நன்றாக ஓடிய தொட்டிகளில், தண்ணீர் இன்னும் கலங்கலாக இருக்கும்போதே கிளைகள் சுத்தமாக நின்றன. கோழை நூல்நூலாகக் கழன்று மண்ணோடு போவதைக் கண்ணால் பார்த்தேன். கலங்கல் தண்ணீருக்குள் அந்தப் பொடி விலங்குகள் நூல் போன்ற கைகளை நீட்டித் தீனி பிடித்தன. ஓட்டத்தை மிக அதிகமாக்கினால் அந்தக் கைகளைச் சுருக்கிக்கொண்டன என்பதையும் எழுதிவைத்தேன். கொட்டகையில் தனியாக நின்று கைதட்டிய பைத்தியக்காரி நான்தான்.

கடைசியாக ஆய்வை மண்டபத்தில் எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும், அதற்குத்தான் பெரும்பகுதிப் புள்ளி. முன்வரிசையில் பரீட்சகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் வெளியிலிருந்து வந்த பெரிய அதிகாரி. பம்பை நிறுத்திய கதையிலிருந்தே தொடங்கினேன், ஒன்றையும் மறைக்கவில்லை. துறைமுகத்துக்கென்று சுவர் கட்டித் தண்ணீரை மறிக்கும்போது அதற்குள் அகப்பட்ட முருகைக்கல்லுக்கு என்ன ஆகும் என்பதோடு முடித்தேன். நன்றாகத்தான் போயிற்று. கேள்வி நேரத்தில் அந்த அதிகாரி கையைத் தூக்கினார்.

"இந்த மண்ணெல்லாம் மலையிலிருந்து ஆற்று வழியாக வருவது. நீங்கள் தோட்டத்துப் பிள்ளை என்று சொன்னீர்கள். மண்ணைப் பாதுகாக்க உங்கள் மக்களுக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும், இல்லையா?"

சிரித்துக்கொண்டே கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் அதோடு முடிந்தது. ஓரத்தில் நின்ற சேர் என்னைப் பார்த்து வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தார். நான் ஆங்கிலத்தில் சொன்ன பதில் தமிழில் இதுதான்.

"மண் கழுவிப்போகாமல் மலையில் கான் என்கிற வடிகால்களை வெட்டியது எங்கள் மக்கள்தான், ஐயா. எங்கே காட்டை வெட்டுவது, எங்கே தேயிலை நடுவது என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தும் அந்த மலையில் எங்களுக்கு ஒரு பேர்ச் நிலம் சொந்தமில்லை. சொந்தமாக இருந்திருந்தால், ஒரு கூடை மண்ணைக்கூடக் கடலுக்குப் போக விட்டிருக்க மாட்டோம்."

அதிகாரி பேனாவை மூடினார்.

பட்டம் கிடைத்தது. எதிர்பார்த்த வகுப்பு கிடைக்கவில்லை, ஒரு படி கீழே. பெறுபேறு வந்த அன்று சேர் என்னை நடைபாதையில் நிறுத்தி, யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கடைசிப் பதிலுக்குப் பரீட்சகர்கள் புள்ளியைக் குறைச்சுப்போட்டினம், பிள்ளை."

"குறைக்கட்டும்ங்க சேர்" என்றேன். "அது புள்ளிக்குச் சொன்ன பதில் இல்ல."